முதுமையும் தியானமும் – ஒரு வரவு செலவுக் கணக்கு

இரவு மூன்று மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்து போகிற எந்தப் பேரனும் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பான். ஹாலில் விளக்கு அணைந்திருக்கும். கட்டிலில் பாட்டி படுத்திருக்க மாட்டார், உட்கார்ந்திருப்பார். ஜன்னல் வழியே வரும் தெருவிளக்கு வெளிச்சத்தில் எதிரே சுவர்க் கடிகாரம் தெரியும்.

"என்ன பாட்டி, தூங்கலையா?"

"எங்கடா தூக்கம்... ரெண்டேகாலுக்கு முழிச்சேன். இப்ப மணி மூணு அஞ்சு. நீ போய்ப் படு, காலையில காலேஜ் இருக்குல்ல."

நிமிடக் கணக்கோடு சொல்வதைக் கவனியுங்கள். ஐம்பது நிமிடமாகப் பாட்டி தூங்க முயன்றார் என்பதை விட, ஐம்பது நிமிடமாகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதே சரி.

மறுநாள் காலை வீட்டில் ஆளுக்கு ஒரு யோசனை. "டாக்டர்கிட்ட சொல்லித் தூக்க மாத்திரை வாங்கிடலாம்மா" என்பார் மகன். "மத்தியானம் ரெண்டு மணி நேரம் தூங்கினா ராத்திரி எப்படித் தூக்கம் வரும் அத்தை?" என்பார் மருமகள். எதிர்வீட்டு மாமா வந்தால் வேறு மருந்து சொல்வார்: "தியானம் பண்ணுங்கம்மா. தூக்கம் வரும், பிரஷர் குறையும், சுகர் குறையும், ஞாபக மறதி போயிடும், எல்லாம் சரியாயிடும்."

பாட்டி சிரிப்பார். "கண்ணை மூடினா தூக்கம் வரும்னா நான் எதுக்கு இப்படி உக்காந்திருக்கேன்?"

எதிர்வீட்டு மாமா சொன்ன அந்த "எல்லாம்" என்ற ஒரு வார்த்தையைப் பிரித்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. அதில் எது நிஜமாகவே வரவு, எது காகிதத்தில் மட்டும் இருக்கும் வரவு? விளையாட்டுக்காகக் கேட்கும் கேள்வி இல்லை இது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்கள் சுமார் 10.4 கோடிப் பேர். தமிழ்நாட்டில் அப்போதே நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல். அதாவது ஏறக்குறைய எல்லாத் தெருவிலும், மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்!

முதலில் தூக்கத்தைப் பார்ப்போம்.

வயதானால் தூக்கம் கெடுவதற்கு நேரடியான காரணங்கள் உண்டு. ஆழ்ந்த தூக்கத்தின் அளவு வயதோடு குறைகிறது. உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் முன்னால் நகர்கிறது, அதனால் எட்டு மணிக்கே கண் சொக்கும், விடியுமுன்பே விழிப்பு வரும். நடுவில் சிறுநீர் கழிக்க இரண்டு முறை எழ வேண்டும். முட்டி வலி வேறு. இதெல்லாம் உடம்பின் பங்கு. இதற்கு மேல் மனதின் பங்கு ஒன்று இருக்கிறது. விழிப்பு வந்தவுடன் "ஐயோ, இன்னிக்கும் போச்சா" என்ற எண்ணம். அதைத் தொடர்ந்து பேத்தியின் கல்யாணம், மகனின் கடன், ஊரில் பூட்டிக் கிடக்கும் வீடு, பத்து வருடத்துக்கு முன் இறந்துபோன தாத்தா... வரிசையாக வந்துவிடும். உடம்பு எழுப்பிவிட்டதைக் கவலை படுக்க விடுவதில்லை.

தூக்க மாத்திரை சுலபமான வழி போலத் தெரியும். ஆனால் அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் வெளியிடும் 'பியர்ஸ்' பட்டியல் என்று ஒன்று உண்டு. வயதானவர்களுக்குக் கூடியவரை தரக்கூடாத மருந்துகளின் பட்டியல் அது. தூக்கத்துக்காகத் தரப்படும் பென்சோடயசிபைன் வகை மாத்திரைகள் அதில் இருக்கின்றன. காரணம் எளிது. அந்த மயக்கத்தோடு இரவில் பாத்ரூமுக்கு எழுந்து போகிறவர் தடுமாறி விழுகிறார், இடுப்பெலும்பு முறிகிறது. எழுபத்தைந்து வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் அந்தக் குடும்பத்தின் அடுத்த ஆறு மாதம் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். (ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் திடீரென்று நிறுத்திவிடக் கூடாது. அதுவும் ஆபத்து. டாக்டரிடம் கேட்டுப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.)

அப்படியென்றால் தியானம்?

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் நடந்த ஓர் ஆய்வு 2015-ல் 'ஜாமா இன்டர்னல் மெடிசின்' இதழில் வந்தது. தூக்கக் கோளாறு உள்ள 49 பேர், சராசரி வயது 66. குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வாரம் இரண்டு மணி நேரம் வீதம் ஆறு வாரம் தியான வகுப்பு. வீட்டில் தினமும் செய்ய வேண்டிய பயிற்சி ஐந்து நிமிடத்தில் தொடங்கி இருபது நிமிடம் வரை போகும். இன்னொரு பிரிவையும் சும்மா விடவில்லை. அவர்களுக்கும் அதே அளவு நேரம் வகுப்பு எடுத்தார்கள், ஆனால் தூக்கத்தைப் பற்றிய நல்ல பழக்கங்களை, அதாவது மருமகள் சொன்ன யோசனை மாதிரியானவற்றை, சொல்லிக்கொடுத்தார்கள்.

தூக்கத்தின் தரத்தை அளக்க 0 முதல் 21 வரை மதிப்பெண் தரும் ஒரு கேள்விப் பட்டியல் இருக்கிறது. இதில் மதிப்பெண் கூடினால் தூக்கம் மோசம் என்று பொருள். 5-ஐத் தாண்டினாலே தூக்கம் சரியில்லை. இரண்டு பிரிவுமே தொடக்கத்தில் 10.2-ல் இருந்தன. முடிவில் நல்ல பழக்கங்களைக் கற்றவர்கள் 9.1-க்கு வந்தார்கள். தியானம் கற்றவர்கள் 7.4-க்கு வந்தார்கள்.

இந்த எண்களை நிதானமாகப் பார்க்க வேண்டும். மருமகளின் யோசனையை விட எதிர்வீட்டு மாமாவின் யோசனை அதிகம் பலித்திருக்கிறது, சரி. ஆனால் 7.4 என்பது இன்னும் 5-க்கு மேல்தான். தியானம் செய்தவர்கள் குழந்தை போலத் தூங்கிவிடவில்லை. முன்பை விடக் குறைவாகக் கஷ்டப்பட்டார்கள், அவ்வளவே. அறுபத்தாறு வயதில், ஒரு மாத்திரையும் இல்லாமல், ஆறே வாரத்தில் இது கிடைத்தது என்றால் அது சின்ன விஷயமும் அல்ல.

இது எப்படி நடக்கிறது? அமெரிக்காவில் ஹெர்பர்ட் பென்சன் என்ற இதய மருத்துவர் இருந்தார், ஹார்வர்டைச் சேர்ந்தவர். தியானம் செய்பவர்களை உட்கார வைத்து அளந்து பார்த்தபோது அவர்கள் இழுக்கும் ஆக்சிஜனின் அளவு குறைந்தது, இதயத் துடிப்பு குறைந்தது. பயம் வந்தால் உடம்பு சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயாராகிறதல்லவா, அதற்கு நேர் எதிரான ஒரு நிலை இது என்று சொல்லி, 1975-ல் 'தி ரிலாக்சேஷன் ரெஸ்பான்ஸ்' என்ற புத்தகம் எழுதினார். மூன்று மணிக்குக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பாட்டியின் உடம்பு சண்டைக்குத் தயாரான நிலையில் இருக்கிறது. எதிரில்தான் யாரும் இல்லை.

அடுத்தது வலி. இங்கே ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். 1979-ல் ஜான் கபாட்-ஜின் என்பவர் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் எட்டு வார வகுப்பு ஒன்றை ஆரம்பித்தார். அங்கே வந்தவர்களில் நிறையப் பேர் தீராத வலியோடு, மருத்துவத்தில் இதற்கு மேல் செய்ய ஒன்றும் இல்லை என்று அனுப்பப்பட்டவர்கள். புத்த மரபிலிருந்தும் யோகாவிலிருந்தும் பயிற்சிகளை எடுத்து, மத அடையாளங்களைக் கழித்துவிட்டுக் கற்றுக்கொடுத்தார். முதல் வகுப்பில் கையில் ஒரே ஒரு உலர்திராட்சையைக் கொடுப்பார்கள். அதைப் பார்த்து, தொட்டு, முகர்ந்து, நாக்கில் வைத்து, மெதுவாகக் கடித்து... ஒரு திராட்சைக்கு இவ்வளவு நேரமா என்று சிரிப்பு வரும். நம் ஊரில் கல்யாணப் பந்தியில் அடுத்த வரிசைக்காரர் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும்போது சாப்பிடுகிறவர்களுக்கு இது புரிவது கஷ்டம்! ஆனால் இப்போது முதியோர் தியானத்தைப் பற்றி வரும் மருத்துவ ஆய்வுகளில் பெரும்பாலானவை இந்த எட்டு வார வகுப்பையோ அதன் தம்பி தங்கைகளையோதான் பயன்படுத்துகின்றன.

அந்த வகையில் பிட்ஸ்பர்க்கில் நடந்த ஆய்வு முக்கியமானது. தீராத இடுப்பு வலி உள்ள, 65 வயதைத் தாண்டிய 282 பேர். முடிவுகள் 2016-ல் வந்தன. எட்டாவது வாரத்தில் தியானம் கற்றவர்கள் மற்றவர்களை விட நன்றாக நடமாடினார்கள், வீட்டு வேலைகளைச் செய்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது நடமாட்டத்தில் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. வலியின் அளவில் மட்டும் கொஞ்சம் ஆறுதல் மிச்சம் இருந்தது. ஆக, தியானம் முதுகெலும்பைச் சரிசெய்யவில்லை. வலியோடு வரும் பயமும் எரிச்சலும் குறைந்தால் அதே வலி கொஞ்சம் சின்னதாகத் தெரிகிறது. இதைப் பெரிய நன்மை என்று சொல்வதா, சின்ன நன்மை என்று சொல்வதா? வலி இருப்பவரைத்தான் கேட்க வேண்டும்.

தனிமை பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. 2012-ல் வந்தது, 55 முதல் 85 வயது வரை 40 பேர். எட்டு வாரத் தியான வகுப்புக்குப் பிறகு தனிமை உணர்வு குறைந்தது என்றார்கள். இங்கே ஒரு சந்தேகம் வருவது நியாயம். ஒப்பிடப்பட்ட இன்னொரு பிரிவினர் வகுப்புக்காகக் காத்திருப்போர் பட்டியலில் வீட்டில் இருந்தவர்கள். வாராவாரம் ஒரு கூட்டத்தோடு போய் உட்கார்ந்து, நாலு பேரிடம் பேசிவிட்டு வந்தாலே தனிமை குறையாதா? தியானம் குறைத்ததா, பக்கத்து நாற்காலிக்காரர் குறைத்தாரா? அந்த ஆய்வை மட்டும் வைத்து இதைப் பிரித்துச் சொல்ல முடியாது. நம் ஊரிலும் இதே கதைதான். கூடுவாஞ்சேரியில் 1911-ல் பிறந்த வேதாத்திரி மகரிஷி தொடங்கிய மனவளக்கலை மன்றங்களுக்குப் போகும் பெரியவர்கள் எத்தனையோ பேர். கண்ணை மூடி உட்காரும் நேரம் ஒரு பங்கு என்றால், அதற்கு முன்னும் பின்னும் "வாழ்க வளமுடன்" சொல்லி நலம் விசாரிக்கும் நேரம் இன்னொரு பங்கு. இரண்டாவது பங்கையும் வரவில் சேர்ப்பதில் தவறில்லை. பாட்டியை ஒரு அறையில் தனியாக உட்காரவைத்து, செல்போனில் ஒரு தியானக் குரலை ஓடவிட்டுவிட்டுப் போனால் அந்தப் பங்கு கிடைக்காது. அதுவும் காது சரியாகக் கேட்காத பாட்டி என்றால் குரலும் கிடைக்காது.

இரத்த அழுத்தத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்க இதயச் சங்கம் 2017-ல் இருந்த ஆய்வுகளை எல்லாம் திரட்டிப் பார்த்து, தியானத்தால் பலன் இருக்கக்கூடும், ஆனால் வழக்கமான சிகிச்சையோடு கூடுதலாக வைத்துக்கொள்ளலாம் என்ற அளவில்தான் சொன்னது. பதிலாக என்று சொல்லவில்லை. பத்து நாள் தியானம் செய்துவிட்டுப் பிரஷர் மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இந்த இரண்டு வார்த்தைகளுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். காமர்ஸ் படித்தவர்கள் பாஷையில் சொன்னால், இது வாரா ஐயக்கடன். வரலாம், வராமலும் போகலாம். அதை நம்பிச் செலவு செய்யக் கூடாது.

இனி ஞாபக மறதி. பெரியவர்கள் வெளியே சொல்லாமல் மிகவும் பயப்படுவது இதற்குத்தான். சாவியை எங்கே வைத்தோம் என்று தேடும்போது அடுத்தவர் சிரிக்கலாம், தேடுகிறவருக்கு வயிற்றைப் பிசையும். அந்தப் பயத்தைக் குறிவைத்துத்தான் "தியானம் செய்தால் மூளை சுருங்காது" என்ற விளம்பரங்கள் வருகின்றன.

இதற்கு ஆதாரமாக அடிக்கடி காட்டப்படும் ஆய்வு 2005-ல் பாஸ்டனில் இருந்து வந்தது. பல வருடம் தியானம் செய்த 20 பேரின் மூளையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். கவனத்தோடு தொடர்புடைய சில பகுதிகள் அவர்களுக்குத் தடிமனாக இருந்தன, அதிலும் வயது கூடியவர்களிடம் அந்த வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. செய்தித்தாள்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் யோசித்துப் பாருங்கள். பல வருடம் விடாமல் தியானம் செய்கிறவர் வேறு பல விதத்திலும் வித்தியாசமானவராக இருப்பார். குடிக்காதவராக, வேளைக்குச் சாப்பிடுகிறவராக, வசதி உள்ளவராக இருக்கலாம். தியானத்தால்தான் மூளை அப்படி ஆனதா என்பதை இப்படி ஒரே ஒரு முறை படம் எடுத்துச் சொல்ல முடியாது. சரியான வழி, இதுவரை தியானமே செய்யாதவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்கு மட்டும் கற்றுக்கொடுத்து, மாதக்கணக்கில் பொறுத்திருந்து பார்ப்பது.

அப்படிப் பொறுத்திருந்து பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவுகள் 2022-ல் வந்தன.

ஒன்று பிரான்ஸில், நார்மண்டி பகுதியில் உள்ள கான் நகரில் நடந்தது. 65 வயதைத் தாண்டிய 137 பேர். மூன்று பிரிவு. ஒரு பிரிவுக்கு 18 மாதம் தியானம். இன்னொரு பிரிவுக்கு 18 மாதம்... ஆங்கில வகுப்பு! மூன்றாவது பிரிவுக்கு ஒன்றும் இல்லை. ஆங்கிலம் எதற்கு என்றால், புதிதாக ஒன்றைக் கற்பது, வகுப்புக்கு வருவது, வீட்டுப்பாடம் செய்வது எல்லாம் தியானப் பிரிவைப் போலவே இருக்கும், தியானம் மட்டும் இருக்காது. முன்பு தனிமை ஆய்வில் வந்ததே ஒரு சந்தேகம், அதற்குப் பதில் சொல்லும் ஏற்பாடு இது. எழுபது வயதில் பிரெஞ்சுத் தாத்தாக்களும் பாட்டிகளும் ஆங்கில வினைச்சொற்களோடு மல்லுக்கட்டியதை நினைத்துப் பார்க்கவே அழகாக இருக்கிறது. (நம் ஊர்க் கல்லூரிகளில் முதலாம் ஆண்டு ஆங்கில வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு அவர்கள் கஷ்டம் புரியும்.)

18 மாதம் கழித்து மூளையைப் படம் எடுத்தார்கள். கவனம், உணர்ச்சி தொடர்பான இரண்டு பகுதிகளின் பருமனையும் இரத்த ஓட்டத்தையும் பார்த்தார்கள். மூன்று பிரிவுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஒன்றரை வருடம் தியானம் செய்தும் அங்கே மூளை பெருக்கவில்லை. ஆனால் கேள்விகள் மூலமும் சோதனைகள் மூலமும் கவனத்தைக் கட்டுப்படுத்துவது, பிறரோடு உணர்வுபூர்வமாகப் பழகுவது, தன்னைப் பற்றிய அறிவு ஆகியவற்றைச் சேர்த்து அளந்தபோது தியானப் பிரிவினர் ஆங்கிலப் பிரிவினரை விட மேலே இருந்தார்கள்.

இன்னொன்று அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ், சான் டியேகோ நகரங்களில் நடந்தது. 65 முதல் 84 வயது வரை 585 பேர். இவர்களுக்கு டிமென்ஷியா கிடையாது, ஆனால் "எனக்கு ஞாபகம் குறைகிறது" என்று கவலைப்பட்டவர்கள். நம் பாட்டியைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். சிலருக்குக் கபாட்-ஜின் முறைத் தியானம், சிலருக்கு உடற்பயிற்சி, சிலருக்கு இரண்டும், சிலருக்கு ஆரோக்கிய வகுப்பு மட்டும். ஆறு மாதத்தில் பார்த்தார்கள், 18 மாதம் வரை தொடர்ந்தார்கள். நினைவாற்றலில் தியானம் செய்தவர்களுக்கு என்று தனி முன்னேற்றம் எதுவும் இல்லை. உடற்பயிற்சியும் இந்த விஷயத்தில் கைவிட்டுவிட்டது.

ஆகவே ஞாபக மறதியைப் பொறுத்தவரை கணக்குப் புத்தகத்தில் எழுத வேண்டிய தலைப்பு வாராக்கடன். இத்தனை வருடமாக வரவேண்டியது என்று எழுதி வைத்திருந்தோம், வசூல் ஆகவில்லை, தள்ளுபடி செய்துவிடுவதே நேர்மை.

இதில் என்ன நஷ்டம், செய்துவிட்டுப் போகட்டுமே என்று கேட்கலாம். நஷ்டம் இருக்கிறது. "தியானம் பண்ணு, மறதி போயிடும்" என்று சொல்லி ஒரு வருடம் ஓட்டினால், அந்த ஒரு வருடத்தில் செய்ய வேண்டியது தள்ளிப்போகிறது. வயதானவர்களின் மறதிக்குப் பின்னால் வைட்டமின் பி12 குறைபாடு இருக்கலாம், தைராய்டு இருக்கலாம், மனச்சோர்வு இருக்கலாம். இதெல்லாம் சிகிச்சை உள்ளவை. 2024-ல் 'லான்செட்' மருத்துவ இதழின் நிபுணர் குழு, டிமென்ஷியாவுக்குக் காரணமாகக்கூடிய, மாற்றக்கூடிய 14 விஷயங்களைப் பட்டியல் போட்டது. காது கேளாமை, சரிசெய்யாத பார்வைக் குறைவு, உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், யாரோடும் பழகாமல் இருப்பது எல்லாம் அதில் உண்டு. பாட்டிக்குக் கண்புரை ஆபரேஷனும் காதுக்கு ஒரு கருவியும் வாங்கித் தராமல் தியான வகுப்புக்கு மட்டும் பணம் கட்டுகிற வீடு, முதலீட்டைத் தப்பான இடத்தில் போடுகிறது.

இன்னொரு பழைய ஆய்வையும் சொல்லாமல் விடக்கூடாது, ஏனென்றால் "தியானம் ஆயுளைக் கூட்டும்" என்பவர்கள் எல்லோரும் அங்கேதான் போய் நிற்பார்கள். 1989-ல் வெளியானது. 8 முதியோர் இல்லங்களில் இருந்த 73 பேர், சராசரி வயது 81. நான்கு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மகேஷ் யோகியின் ஆழ்நிலைத் தியானம் கற்றுக்கொடுத்தார்கள். மூன்று வருடம் கழித்துப் பார்த்தால் அந்தப் பிரிவில் நூற்றுக்கு நூறு பேரும் உயிரோடு இருந்தார்கள்! மற்ற பிரிவுகளில் அப்படி இல்லை. கேட்கப் பிரமாதம்தான். ஆனால் 73 பேரை நான்காகப் பிரித்தால் ஒரு பிரிவுக்கு இருபது பேர்கூட வராது. அந்த அளவில் இரண்டு மூன்று பேரின் அதிர்ஷ்டமே சதவீதத்தைப் புரட்டிப் போட்டுவிடும். ஆய்வின் முதல் ஆசிரியர், மகேஷ் யோகியின் இயக்கம் நடத்திய பல்கலைக்கழகத்தோடு தொடர்புடையவர் வேறு. அவர் பொய் சொன்னார் என்று அர்த்தமில்லை. ஆனால் கம்பெனியில் பங்குதாரராக இருப்பவரையே ஆடிட்டராகப் போடக்கூடாது என்று பி.காம். மாணவனுக்குக்கூடச் சொல்லித்தருகிறார்கள் அல்லவா?

சரி, இவ்வளவுக்குப் பிறகும் பாட்டி தியானம் செய்யலாமா? செய்யலாம். தூக்கத்துக்காகவும், வலியைத் தாங்குவதற்காகவும், மனம் ஓடும் வேகத்தைக் கொஞ்சம் குறைப்பதற்காகவும் தாராளமாகச் செய்யலாம். சம்மணம் போட்டுத் தரையில் உட்கார வேண்டும் என்று கட்டாயம் இல்லை. முட்டி தேய்ந்தவர்களைத் தரையில் உட்காரச் சொல்வது கொடுமை. கை வைத்த நாற்காலி போதும், இரண்டு பாதமும் தரையில் பதிந்திருந்தால் சரி. மூச்சை அடக்கி நிறுத்தும் பயிற்சிகள் இதய நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு வேண்டாம். மூச்சு அதன்போக்கில் வந்து போகட்டும், அதை எண்ணினால் போதும். ஒன்று முதல் பத்து வரை, பிறகு மறுபடி ஒன்று. நடுவில் எண்ணிக்கை விட்டுப்போகும். கட்டாயம் போகும். போனதைக் கவனித்துவிட்டு, கோபப்படாமல் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அந்தத் திரும்பி வருதல்தான் பயிற்சி. இருபது முறை மனம் ஓடியது என்றால் இருபது முறை பயிற்சி நடந்தது என்று கணக்கு.

கண்ணை மூடினால் பயம் வருகிறது, படபடப்பு கூடுகிறது, இறந்துபோனவர் முகம் வந்து அழுகை நிற்கவில்லை என்றால் நிறுத்திவிடலாம். இப்படியும் நடப்பது உண்டு. பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 2020-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, தியானம் செய்தவர்களில் நூற்றுக்கு எட்டுப் பேர் அளவில் ஏதோ ஒரு வேண்டாத விளைவு பதிவானதாகச் சொல்கிறது. பதட்டமும் மனச்சோர்வும் அதில் அடிக்கடி வருபவை. "உனக்குப் பக்குவம் போதவில்லை" என்று அவர்களைத் திட்டுவது நியாயமில்லை. கண்ணைத் திறந்துகொண்டு செய்யலாம், அல்லது தியானத்தை விட்டுவிட்டு மாலையில் நாலு பேரோடு நடக்கப் போகலாம்.

ஒரு பேரன் இதைத் தன் பாட்டியிடம் சொல்லிக்கொடுத்தால் எப்படி இருக்கும்? முதல் நாள் நாலு வரைக்கும் எண்ணுவார். "நாலு எண்ணும்போது கேஸ் சிலிண்டர் புக் பண்ணலையேன்னு ஞாபகம் வந்துருச்சுடா."

"பரவாயில்ல பாட்டி. திரும்ப ஒண்ணுல இருந்து ஆரம்பிங்க."

"சிலிண்டர்?"

"நான் புக் பண்ணிக்கிறேன்."

ஒரு வாரம் விடாமல் செய்வார், மூன்று நாள் மறந்துவிடுவார். மருமகள் ஞாபகப்படுத்துவார். எதிர்வீட்டு மாமா வந்து, முதுகு நேராக இல்லை என்று திருத்துவார். சீரியல் நேரத்தில் மட்டும் தியானம் கிடையாது. மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ ஒரு நாள் காலையில் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது பேரன் கேட்பான்.

"நேத்து ராத்திரி தூக்கம் வந்துச்சா பாட்டி?"

"எங்க வந்துச்சு... வழக்கம் போல முழிச்சுக்கிட்டேன்."

"எத்தனை மணிக்கு?"

பாட்டி கொஞ்ச நேரம் யோசிப்பார்.

"தெரியலடா. மணி பார்க்கல."